காவலும் வாசலும்



நம் மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு தனிக் காவல் உண்டு. அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றிப் பிணைந்து, நஞ்சையும் கிருமியையும் தடுக்கின்றன. 1885இல் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்தினார். மற்ற உறுப்புகள் நிறம் மாறின, மூளை மாறவில்லை.

அதே காவல் மருந்தையும் மறிக்கிறது. மரபணுக் குறையைச் சரிசெய்யும் மருந்துகள் உருவில் பெரியவை. அவற்றால் எளிதில் நுழைய முடியாது. முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கென 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென், தொடக்க ஊசிகளுக்குப் பின் 4 மாதத்துக்கு ஒருமுறை முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்படுகிறது. அங்கே 2019இல் ஒப்புதல் பெற்ற சோல்ஜென்ஸ்மா, வைரஸின் உறையில் ஏறிக் காவலைக் கடக்கிறது. அந்த ஒப்புதலோ 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே.

அந்நோயுள்ள பிள்ளையின் தாய் ஒருவர், "ஐயா, அந்தச் சுவரை உடைத்துவிட முடியாதா?" என்று என்னிடம் கேட்டார். "உடைத்தால் நஞ்சும் நுழையுமே, அம்மா" என்றேன். அவர் கண்ணீர் என்னை விட்டு நீங்கவில்லை.

இரும்புச்சத்தை மூளைக்குள் ஏற்றிச்செல்லும் வாசல்கள் அச்சுவரிலேயே உண்டு. மருந்தை அவற்றின்வழி அனுப்ப ஆய்வாளர்கள் முயன்று வருகின்றனர். இடிப்பதைவிட வாசலைத் தேடுவதற்குப் பொறுமை மிகுதியாக வேண்டும். காத்திருக்கும் வீட்டாருக்கோ நாள்கள் நீளமானவை. ஆகவே ஆய்வாளர்களுக்காக ஜெபிப்போம். அவ்வீட்டாரோடு மருத்துவமனைக்கும் உடன்செல்வோம்.