பார்க்காமல் ஒருமுறை சொல்

தேர்வுக் காலம் வந்துவிட்டால் திருவஹீந்திரபுரத்து ஔஷதகிரிப் படிகளில் மாணவர் கூட்டம் பெருகும். ஸ்ரீ லக்ஷ்மி ஹயக்ரீவர் திருவடியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து வாங்கிச் செல்வர். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எழுதும் பிள்ளைகளின் வீட்டுப் பெரியோர் மட்டும் ஒன்றை அறிந்திருப்பது நலம். அத்தேர்வுக்குச் சொந்தப் பேனாவைக் கொண்டு செல்ல இயலாது. தேர்வுக் கூடத்திலேயே பேனா தருவார்கள். சந்நிதியில் வைத்த பேனாவால் வீட்டில் பயிற்சித் தேர்வு எழுதட்டும். பெருமாள் குறை சொல்லமாட்டார்.

2025 மே 4ஆம் தேதி இத்தேர்வை 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். 180 நிமிடங்களில் 180 வினாக்கள்: உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் 45 வீதம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 குறையும். எழுதாமல் விட்டால் ஒன்றுமில்லை.

ஒரு வீட்டில் பேத்தி நள்ளிரவு வரை படித்தாள். புத்தகம் முழுவதும் வண்ணக் கோடுகள். பயிற்சித் தேர்விலோ மதிப்பெண் ஏறவில்லை. "படிக்கும்போது எல்லாம் தெரியுது தாத்தா, கேட்டா வரமாட்டேங்குது" என்று கண் கலங்கினாள். இனி தன்னால் ஆகாது என்று விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தாள்.

தாத்தாவுக்கு வேத பாடசாலையின் நினைவு வந்தது. அங்கே ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்வர். பிறகு ஏட்டைப் பாராமல் சொல்லியாக வேண்டும். கண்ணால் மேய்வதற்கு அங்கே பாடம் என்று பெயரில்லை. மறுநாள் முதல் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூலை அவர் கையில் வைத்துக்கொண்டார். "மூடிட்டேன். பார்க்காம ஒருமுறை சொல்லு, கண்ணு." அவருக்கு உயிரியல் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அவள் விட்ட வரியைச் சுட்டிக்காட்டக் கண்ணாடி போதும். அதே பாடத்தை மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் கேட்டார். திணறித் திணறி நினைவுக்குக் கொண்டுவந்தது எளிதில் மறப்பதில்லை.

தெரியாத வினாவைத் தொடவே கூடாது என்று அச்சுறுத்துவோர் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், நான்கு வினாக்களுக்குச் சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும். மூன்று தவறி 3 போகும். மிச்சம் வெறும் 1. அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டு விடைகளை உறுதியாக விலக்க முடிந்தால், இரண்டு வினாக்களுக்கு 3 மிஞ்சும், அங்கே துணியலாம்.

உண்மையான நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் இயற்பியல் கணக்கோடு ஆறு நிமிடம் மல்லுக்கட்டினால், அந்நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய பல உயிரியல் விடைகள் போய்விடும். தெரிந்தவற்றை முதற்சுற்றில் முடித்து, முரண்டு பிடிப்பவற்றைக் குறியிட்டு நகர்வதே விவேகம். நகரும்போது எச்சரிக்கை தேவை. ஒரு வினாவை விட்டுவிட்டு, விடைத்தாளில் அதற்குரிய வட்டத்தை விட மறந்தால், அடுத்த விடைகள் எல்லாம் ஒவ்வொரு வரி தள்ளிப்போகும். பேரேட்டில் ஒரு தொகை தவறான கணக்கில் ஏறியது போன்ற சங்கடம்தான். ஆனால் பேரேட்டைத் திருத்தலாம், மையால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பாமல், பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவது பாதுகாப்பு.

தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. உண்ட மயக்கம் வரும் வேளை. ஆகவே அவ்வீட்டில் ஞாயிறுதோறும் அதே நேரத்தில் பயிற்சித் தேர்வு நடந்தது. பாட்டி அன்று பலகாரம் செய்யாமல் தயிர்சாதத்தோடு நிறுத்தினார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மனத்துக்குள் ஸஹஸ்ரநாமம் சொன்னார்.

எழுதி முடித்ததும் "எவ்வளவு மார்க்?" என்று கேட்பவர் அப்பா. தாத்தா பழைய நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு வைத்திருந்தார்: தெரியாமல் தவறியவை, அவசரத்தில் தவறியவை, தெரிந்தும் வட்டம் மாறியவை. ஒவ்வொரு ஞாயிறும் பேத்தியே அவற்றை நிரப்பினாள். ஐந்தாம் வாரத்தில் மூன்றாவது பத்தி காலியாக இருந்தது. இயற்பியலுக்கான முதல் பத்தி மட்டும் இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது.