கல்லில்லாச் சீமையின் ஆட்டுக்கல்

ஸ்டாண்ட் மிக்ஸர் என்று சொல்லப்படும் கேக் மாவு கலக்கும் யந்திரத்தின் விளக்கப் புத்தகங்கள் நாலைந்தைக் கும்பகோணத்திலிருக்கும் என் பேத்தி அனுப்பிவைத்து, "தாத்தா, இதுல எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருப்பது, நான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்தவன் என்ற ஒரே காரணத்தினாலேயன்றி, கேக் விஷயத்தில் எனக்கு ஞானம் ஏதேனும் உண்டு என்ற நம்பிக்கையினால் அல்ல. விலை, வாட், பாத்திரத்தின் கொள்ளளவு, வர்ணம் முதலியவற்றை வரிசைப்படுத்தியிருந்த அட்டவணைகளை மரியாதைக்காக ஒரு முறை பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தேன். என் கண்ணை விட்டு அகலாமல் நின்றது, எல்லாப் புத்தகங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அச்சாகியிருந்த ஒரு சிறு படம். பாத்திரம் அசையாமல் நிற்கிறது. கலக்கும் துடுப்பு அதற்குள் வலமாகச் சுற்றிவருவதை ஓர் அம்புக்குறி காட்டுகிறது. அதே துடுப்பு தன்னைத் தானே இடமாகச் சுழற்றிக்கொள்வதை இன்னோர் அம்புக்குறி காட்டுகிறது. கிரகங்களின் கதி இதுவே என்று படத்தின் கீழே பெருமையாக எழுதியிருந்தது. பூமி சூரியனைச் சுற்றுவதும் தன் அச்சில் சுழல்வதும் ஒரே திசையில்தான் என்பதையும், சுற்றுவதற்கு எதிராகச் சுழலும் விபரீத புத்தி கிரகங்களில் முக்கியமாகச் சுக்கிரனுக்கே உரியது என்பதையும் அந்த விளம்பரக்காரருக்கு எழுதித் தெரிவிக்கலாமா என்று சற்று யோசித்தேன். வாத்தியார் உத்தியோகம் விட்டாலும் வாத்தியார்த்தனம் விடுவதில்லை.

இந்தக் கதியை நான் முதன்முதலில் பார்த்தது எந்த யந்திரத்திலும் அல்ல. குடமுருட்டிக் கரையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், தரையில் பாதி புதைந்து கிடந்த ஆட்டுக்கல்லில்தான். ஒரு குழியின் சுவரை ஒட்டி உருளும் எந்தப் பொருளும் தான் சுற்றிவருகிற திசைக்கு மாறாகவே தன்னளவில் புரளவேண்டும் என்பது க்ஷேத்திரகணிதத்தின் விதியாகையால், எங்கள் அப்பாயி பிடித்துச் சுற்றிய குழவியும் இடமாகப் புரண்டுகொண்டே வலமாகப் பிரதட்சிணம் வந்தது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்ற எஞ்சினீயர், ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் கரண்டியால் மாவைக் கிண்டி அவஸ்தைப்படுவதைக் கண்டு மனமிளகி, 1908-ஆம் வருஷத்தில் அந்தக் கிண்டும் வேலையை மின்சாரத்தின் தலையில் ஏற்றினார் என்றும், அது முதல் உலக யுத்த காலத்தில் அந்நாட்டுப் போர்க்கப்பல்களின் மடைப்பள்ளிகளில் புகுந்து, 1919-இல் ஆட்டுக்கல்லின் இதே கதியோடு, கிச்சன்எய்ட் என்ற பெயருடன் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது என்றும் சரித்திரம் சொல்கிறது. நம் பக்கத்திலோ, 1955-இல் கோயம்புத்தூர் சபாபதி மாவு அரைக்கும் யந்திரம் செய்தபோது காரியத்தை அப்படியே தலைகீழாக்கினார். ஆண்டாண்டு காலமாக உரல் நிற்கக் குழவி ஆடியது போக, இப்போது குழவி தன் இடத்தை விட்டு நகராமலிருக்க உரல் சுற்றலாயிற்று.

எது நிற்கிறது, எது சுற்றுகிறது என்ற இந்தக் கேள்வி அற்பமானதல்ல. ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் அசையாதிருக்கும் வஸ்துக்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவதுபோலவே, நட்சத்திரங்கள் மேற்கே ஓடுவதாக நமக்குத் தோன்றுகிறது என்று ஆரியபடர் கி.பி. 499-இல் எழுதிவைத்தபோது, அதை ஜீரணிக்க மாட்டாத உரைகாரர்கள் பிற்காலத்தில் அவர் வாக்குக்கு வேறு அர்த்தம் கற்பிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்பாயிக்கும் அந்தச் சங்கடமே ஏற்பட்டது. முதன்முதலாக எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்று, சுற்றுகிற உரலையும் சும்மா நிற்கிற குழவியையும் வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஊரு சுத்துது, சாமி நிக்குதா? நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். பௌதிகத்தின்படி இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது முற்றும் உண்மையாகாது. ஏனெனில் சுற்றுகிற உரலில் மாவு சுவரோடு ஒட்டிக்கொண்டு தானும் கூடவே சுற்றக் கிளம்பிவிடுகிறது. அதை வழித்து நடுவில் தள்ளுவதற்கென்று அசையாத தகடு ஒன்றைக் கிரைண்டரின் உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தகடு அப்பாயியின் இடது கை.

அரிசியை ஆட்டுவது வெறும் உழைப்பு, உளுந்தை ஆட்டுவதே வித்தை என்பது அவளுடைய சித்தாந்தம். ஊறவைத்துத் தோல் களைந்த உளுந்தைக் குழியில் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாளானால், வலது கை குழவியோடு போய் வந்துகொண்டிருக்க, இடது கையானது குழவி கடந்துபோன கணத்திற்கும் மறுபடி வந்து சேரும் கணத்திற்கும் இடையே கிடைக்கும் அந்த அற்ப அவகாசத்தில், விளிம்புக்கு ஏறிய மாவை வழித்து உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். பேச்சு ஊர்வம்பில் இருக்கும். கண் கொல்லையில் வைக்கோற்போரை இழுக்கும் பசுவின்மேல் இருக்கும். கை ஒரு முறையேனும் நசுங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. தண்ணீரை ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். விரல்களை நனைத்துத் தெளிப்பாளேயன்றி ஊற்றமாட்டாள். நேரம் ஆக ஆகக் குழவியின் சப்தம் மாறும். முதலில் கரகரவென்றிருந்தது வழவழவென்றாகி, பிறகு சப்தமே அடங்கி, குழிக்குள் கொள்ளாமல் மாவு மேலெழும்பி வரும். அப்போது பக்கத்துச் செம்புத் தண்ணீரில் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போடுவாள். மூழ்கினால் ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி குழவியைப் பிடிப்பாள். மிதந்தால், "போதும்டா, பொங்கிடுச்சு" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

உளுந்திலுள்ள புரதமும் ஒருவகைப் பசைப்பொருளும் சேர்ந்து, ஆட்டும்போது புகும் காற்றைக் குமிழி குமிழியாகச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பதை நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். முட்டையின் வெண்கருவை அடிக்கும்போது நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைக்கும்போது சர்க்கரைப் பரல்களின் கூரான முனைகள் வெண்ணெயைக் கீறிக் காற்றுக்கு இடம் பண்ணுவதும் இதைச் சார்ந்ததே. ஆகவே என் பேத்தி பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க உத்தேசித்திருப்பது, சுருங்கச் சொன்னால், காற்றை உள்ளே புகுத்தும் ஒரு சாதனம். புத்தகத்திலுள்ள மூன்று கருவிகளில் கம்பிக்கூடு போன்றது முட்டைக்கு, தட்டைத் துடுப்பு கேக்குக்கு, வளைந்த கொக்கி ரொட்டி மாவுக்கு என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாயிக்கு இருந்தது ஒரே குழவி. சட்டினியும் அதில்தான், வடைமாவும் அதில்தான்.

ஆனால் அந்த ஒரு குழவிக்கும் ஒரு குழிக்கும் நாங்கள் பட்ட பாடு, மேட்டுநிலத்துக்காரர்களுக்கு எளிதில் விளங்காது. எங்கள் காவிரிக் கழிமுகத்தில் கல் கிடையாது. ஆறு ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மேல் நாங்கள் குடியிருக்கிறோம். கிணறு தோண்டினால் களிமண், அதன் கீழ் மணல், அதன் கீழ் மறுபடியும் களிமண். உண்டிவில்லுக்குக்கூடக் களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்துக்கொண்டு போன பிள்ளைகள் நாங்கள். ஒருவரையொருவர் கல்லால் அடிப்போம் என்று பயமுறுத்திக்கொண்டோமேயன்றி, கையில் அகப்பட்டது என்னவோ மண்ணாங்கட்டிதான். மேற்கே வல்லத்து மேட்டில் செம்பாறை உண்டு, மூக்குக்கண்ணாடிக்கு இழைக்கும் பளிங்குக் கல்லும் ஒரு காலத்தில் அங்கே பிரசித்தம். எனினும் இரண்டிலும் மாவு ஆட்டமுடியாது.

இல்லாத வஸ்துவின்மேல்தான் மனிதனுக்கு மோகம் உண்டாகிறது என்பதற்கு எங்கள் ஜில்லாவை விடச் சிறந்த அத்தாட்சி வேறு வேண்டியதில்லை. கருங்கல்லே விளையாத தஞ்சாவூரில் கருங்கல்லாலேயே வானளாவிய விமானம் ஒன்றை எழுப்பி 1010-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்தான் ராஜராஜன். அத்தனை கல்லும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அதோடு நின்றானா? தானும் தன் தமக்கையாரும் தேவியரும் கோயிலுக்குக் கொடுத்த பொன்னையும் பாத்திரங்களையும் அந்தக் கல்லின்மேலேயே வெட்டிவைக்கச் சொன்னான். பனையோலைக்குப் பஞ்சமில்லாத நாட்டில், இரவல் பண்டத்தில் கணக்கெழுதிய அந்த ராஜசம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அவனுக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே, கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையைக் கட்டியவர்கள், அடி காணாத ஆற்றுமணலில் கரடுமுரடான கற்களைப் போட்டு, அவை மணலுக்குள் அமிழ அமிழ மேலும் மேலும் கற்களைப் போட்டு, களிமண்ணால் பிணைத்து, ஓடும் நீரையே தங்களுக்கு அஸ்திவாரம் போடும் சிற்றாளாக ஆக்கிக்கொண்டார்கள். மணலில் அஸ்திவாரம் போடும் இந்த உபாயத்தை இந்நாட்டு முன்னோர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாக, முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன் துரை தாராள மனத்துடன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கோயிலுக்கு அடுத்தபடி, அணைக்கு அடுத்தபடி, எங்கள் பக்கத்தில் கல் வந்து சேர்ந்த இடம் சமையற்கட்டு. ஆட்டுக்கல் வாங்குவதற்காகத் தாத்தா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போய்வந்த கதையை அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்தச்சர் பட்டறையில் வரிசையாகக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்து, கணீரென்று பேசாத கல்லை விலக்கி, வெள்ளை ரேகை ஓடியதை விலக்கி, பாக்கியிருந்ததில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஆட்டச் சொல்லி, அந்த மாவை நாக்கில் வைத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாராம். நறநறவென்றால் அந்தக் கல் ஆயுள் முழுவதும் சோற்றில் மண் போடும். இப்படிப் பொறுக்கியெடுத்த கல், வைக்கோல் மெத்தையில் வண்டியேறி வந்து, பின்கட்டில் சுண்ணாம்புக் காரை போட்டுப் பதிக்கப்பட்டபின், வீட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது வெண்கலப் பானைகளுக்காகச் சண்டை போட்டவர்கள்கூட ஆட்டுக்கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீடு யாருக்கோ, கல்லும் அவருக்கு என்பது, கிணற்றைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் சொல்லவேண்டாத மாதிரி, சொல்லாமலே விளங்கிய விஷயம்.

தாத்தாவின் பரீட்சைகளில் ஏதாவது ஒன்று இந்த யந்திரத்துக்குச் செல்லுமா என்று யோசித்துப் பார்த்ததில், அவற்றில் எதுவும் செல்லாது, கல்லின் குணங்களில் கனம் ஒன்றுதான் செல்லும் என்று தோன்றியது. வாட் என்பது மோட்டார் குடிக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, துடுப்பின் முனைக்குப் போய்ச் சேரும் சக்தியின் அளவு அல்ல. நடுவிலுள்ள பற்சக்கரம் உலோகமா, பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்தது அது. இறுகிய ரொட்டி மாவைக் கொக்கி இழுத்துப் பிசையும்போது, மாவு திருப்பி யந்திரத்தை இழுக்கும். இலேசான யந்திரமாயின் மேஜைமேல் நடமாடத் தொடங்கிவிடும். 1919-இல் வந்த அந்த ஆதி கிச்சன்எய்ட் சுமார் 30 கிலோ கனம் இருந்ததாகத் தெரிந்தபோது, அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று. ஆகவே, உன்னால் அடிக்கடி தூக்கி வைக்க முடியாத கனமுள்ளதாகவும், கும்பகோணத்திலேயே பழுது பார்க்க ஆள் உள்ளதாகவும் பார்த்து வாங்கு. அதற்கு ஓர் இடம் ஒதுக்கு. பிறகு நகர்த்தாதே என்று பேத்திக்கு எழுதினேன். மேஜைக் கிரைண்டர்களோடு சப்பாத்தி மாவு பிசையும் கருவி ஒன்று சேர்த்துக் கொடுக்கிறார்களே, அது போதாதா என்றும் ஒரு வரி எழுதி, அதில் முட்டை அடிக்க முடியாது என்று அவள் பதில் எழுதுவாள் என்பது ஞாபகம் வரவே அடித்துவிட்டேன்.

2011-ஆம் வருஷத்தில் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபின், எங்கள் கிராமத்தில் ஆட்டுக்கல்லைத் தொடுவோர் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். இடுப்பு நோக ஆட்டிய பெண்கள் யாரும் அதற்காகக் கண்ணீர் விட்டதாகவும் தெரியவில்லை, விடவேண்டியதுமில்லை. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர் இப்போது மொபெட்டில் வருகிறார். அவருக்கு வேலை, மழுங்கிப்போன கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொடுப்பது. சென்ற மாதம் வந்தவரிடம், பின்கட்டுக் கல்லையும் கொத்தினால் என்ன என்று, எனக்கே காரணம் விளங்காத ஓர் உற்சாகத்தில் கேட்டுவிட்டேன். அவர் உளியை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல கல்லுங்க ஐயா, இன்னும் மூணு தலைமுறைக்குத் தாங்கும்" என்று சொல்லிக் குழிக்குள் புள்ளி புள்ளியாகக் கொத்தி, கல்தூள் போக உமியைப் போட்டு ஒரு தடவை ஆட்டி அலசியும் கொடுத்துவிட்டுப் போனார். கல் தயாராயிருக்கிறது, உட்கார்ந்து ஆட்டுவது யார் என்பதில்தான் வீட்டில் இன்னும் ஏகோபித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை.