மாறும் பாயமும் சுழற்றும் கையும்

கம்பிச்சுருள் ஒன்றினுள் வலிமை மிக்க காந்தமொன்றை வைத்து ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தாலும் அச்சுருளில் மின்னோட்டம் பிறப்பதில்லை. காந்தத்தை அசைத்த கணத்திலே அது பிறக்கின்றது. அசைவு நின்றதும் மறைகின்றது. 1831 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மைக்கேல் பரடே கண்ட இவ்வுண்மையை இன்று உயர்தர வகுப்பு மாணவர் எவரும் ஒரு வரிச் சமன்பாடாக எழுதிவிடுவர். ஆயினும் அச்சமன்பாட்டினுள் மறைந்திருக்கும் வினாவொன்று தீவகத்திற் பிறந்த எம்மைப் போன்றோரை விட்டு அகல்வதில்லை. அசைப்பவர் யார் என்பதே அவ்வினா.

‘காந்தப்பாயம்’ என்னும் கலைச்சொல் சற்று மயக்கந் தருவது. பாய்தல் என்ற வினையை நினைவூட்டுவதால், ஏதோ ஒன்று சுருளினூடாக ஓடுகின்றதென எண்ணத் தோன்றும். உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. புலத்தின் வலிமை, சுருள் அடைக்கும் பரப்பு, அப்பரப்புப் புலத்துக்குக் காட்டும் முகம் ஆகிய மூன்றையும் சேர்த்தளக்கும் கணியமே பாயம். கடல்நீரோட்டத்துக்கு எதிரே வலையின் வாயை நேராகப் பிடித்தால் நிறைய நீர் புகும், சாய்த்தால் குறையும், ஓட்டத்தின் வழியே ஒருக்களித்துப் பிடித்தால் ஒன்றும் புகாது. கரையோர மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் உவமை அவ்வளவோடு நின்றுவிடுகின்றது. வலைக்கு வேண்டியது புகுகின்ற நீரின் அளவு. சுருளுக்கு வேண்டியதோ அவ்வளவில் நேரும் மாற்றம். ஒரு சுற்றினூடான பாயம் செக்கனுக்கு ஒரு வெபர் வீதம் மாறினால் அதில் ஒரு வோல்ற்று மின்னியக்கவிசை தூண்டப்படும். 300 சுற்றுக்கள் கொண்ட சுருளாயின், செக்கனுக்கு 0.02 வெபர் மாற்றமே 6 வோல்ற்றுக்குப் போதும்.

அந்த 6 வோல்ற்று எம் தலைமுறைக்கு வெறும் எண்ணன்று. அது துவிச்சக்கரவண்டி டைனமோவின் அளவு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின; மண்ணெண்ணெய் அரிதாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. விட்டுவந்த ஊருக்கு யாது நேர்ந்தது என்பதை அறிய வானொலியை விட்டால் வேறு வழியில்லை. வானொலிக்கு உயிர் கொடுக்கத் தலைகீழாக நிறுத்திய துவிச்சக்கரவண்டியை விட்டாலும் வேறு வழியில்லை.

முற்றத்திலே பெரியவர்கள் சூழ்ந்திருப்பர். பெடலைக் கையாற் சுற்றும் பணி சிறுவருடையது. சில்லின் விளிம்பிலே உரசி டைனமோவின் தலை சுழலும். அதனுள் இருக்கும் காந்தம் அசையாத சுருளின் நடுவே சுழலும். சுருளினூடான பாயம் ஏறியும் இறங்கியும் திசைமாறியும் செல்லும். அதனாற் பிறக்கும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க இருவாயிகள் சிலவற்றையும், அலைவைத் தணிக்கக் கொள்ளளவி ஒன்றையும் இணைத்திருப்பர். கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும். “சத்தம் இறங்குது, இறுக்கிச் சுத்தடா தம்பி” என்று பெரியப்பா சொல்வார். அளவுக்கு மிஞ்சி விரைந்தாலோ வானொலியே கெட்டுவிடும். ஆகவே, ஒரே சீராகச் சுற்றப் பழகினோம்.

1834 இல் லென்ஸ் வகுத்த விதியையும் எமது கைகள் புத்தகத்துக்கு முன்னரே அறிந்திருந்தன. எதுவும் இணைக்காதபோது பெடல் இலகுவாகச் சுழலும். ஒரு சிறு விளக்கை இணைத்ததும் கனக்கும். தூண்டப்பட்ட ஓட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கின்றது. அவ்வெதிர்ப்பை வென்று சுழற்றும் உழைப்பே மறுபுறத்தில் ஒளியாகவும் ஒலியாகவும் வெளிப்படுகின்றது. விலை கொடாமற் பெறும் மின்சாரம் என்று ஒன்றில்லை.

தீவுகளின் மின்சார வரலாறும் இந்த விலையின் வரலாறே. தேசிய மின்வலையமைப்பின் கம்பிகள் எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளே மின் வழங்கிவந்தன. நான்கு முனைவுகள் கொண்ட மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால்தான் 50 ஹேட்ஸ் ஆடலோட்டம் கிட்டும். சிறுவனின் கை செய்ததை அங்கே எரிபொருள் செய்கின்றது. அவ்வெரிபொருளோ கடல் கடந்து வரவேண்டும். இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்கென முடிவாகி, 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. அதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சிற் கைச்சாத்தாயிற்று. அத்திட்டத்திலே காற்றுக்கு 530 கிலோவாற்று, சூரியஒளிக்கு 1,700 கிலோவாற்று, மின்கலத் தேக்கத்துக்கு 2,400 கிலோவாற்று மணி, துணை நிற்கும் டீசலுக்கு 2,500 கிலோவாற்று என அளவுகள் வகுக்கப்பட்டன.

இவற்றுட் சூரியத் தகட்டிலே சுருளுமில்லை, சுழற்சியுமில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் நேரோட்டம் ஆடலோட்டமாக்கப்பட்டு உயர் அழுத்தத்துக்கு ஏற்றப்படும் நிலைமாற்றியிலே, மாறும் பாயம் ஒரு சுருளிலிருந்து மறுசுருளுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்கின்றது. பரடே 1831 ஓகஸ்ட் மாதத்தில் இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு சுருள்களே அதன் மூதாதை. சோளகமும் வாடையும் காற்றாலையைச் சுழற்றும். அவை ஓய்ந்த இரவுகளில், தேக்கியது தீர்ந்தபின், மீண்டும் டீசலே சுழற்ற வேண்டும்.

காற்றுக்குப் படகுக்கூலி இல்லை. எனினும் சுருளொன்று கருகும்போது அதை அவிழ்த்து, சுற்றுக்களை எண்ணி, மீளக் கட்டும் அறிவு தீவிலேயே இல்லையெனில், டீசலுக்காகக் காத்திருந்த இறங்குதுறையிலேயே இனித் திருத்துநருக்காகக் காத்திருக்க நேரும். எமக்கு அவ்வறிவின் முதற்பாடத்தை வறுமையும் போரும் கையிலே தந்தன; அத்தகைய ஆசிரியர் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அதற்கு ஈடாகத் தீவகப் பாடசாலை ஒவ்வொன்றிலும் ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு கல்வனோமானி ஆகியவை அலுமாரியிற் பூட்டப்படாமற் பிள்ளைகளின் கைகளிலே இருத்தல் வேண்டும். முள் அசைவதைத் தன் கையால் ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, தன் வீட்டு விளக்கை எரிப்பவர் யார் என்று கேட்கத் தெரியும்.