காலி மனையில் குடியிருப்போர்

'பூந்தமல்லியிலிருந்து பத்தே நிமிடம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எந்த வாகனத்தில் என்று போடவில்லை. ஹெலிகாப்டராக இருக்கலாம். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பொட்டல் வெளி. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். சுற்றிலும் வேலிகாத்தான் முள், நாலு பனைமரம், தூரத்தில் ஏரிக்கரை.

"நல்லா பார்த்துக்குங்க ஸார். சுத்தமான காலி இடம். ஒரு ஈ காக்கா கிடையாது" என்றார் புரோக்கர்.

நம்பி வாங்கினேன். வீடும் கட்டினேன். குடிபோன பிறகு பெய்த முதல் பெருமழையில் தெரிந்துவிட்டது, அது ஹவுஸ்ஃபுல் என்று!

மழை விட்டதும் ராத்திரி பத்து மணிக்குக் கச்சேரி ஆரம்பம். ஒரு கோஷ்டி 'க்ராக்' என்றால் எதிர்க்கோஷ்டி 'ட்ரொய்ங்' என்றது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய தவளைகள்! தொண்டையின் இரு பக்கமும் நீல பலூன் வேறு. கல்யாண சீசனில் மட்டும் மாப்பிள்ளைத் தவளைகள் போட்டுக்கொள்ளும் பட்டு ஜிப்பா அது. மற்ற நாட்களில் சாதா காக்கி.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசற்படி ஓரம் ஒரு பாம்பு. குட்டை, தடிமன், உடம்பெல்லாம் பழுப்புத் திட்டுகள்.

"கண்ணாடி விரியன்!" என்று ஸ்டூல் மேலிருந்து அறிவித்தாள் மனைவி. ஸ்டூல் மேல் எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் கையில் கம்பைத் திணித்துவிட்டுப் பின்வாங்கினார். அடித்தேன். அது சீறவில்லை, ஓடவும் இல்லை. சுருண்டு, தலையைத் தன் உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டது. அதன் பிறகும் அடித்தேன்.

தெருவில் எனக்கு வீரன் என்று பெயர். ஒரே ஒரு ராத்திரிக்கு.

மறுநாள் எங்கள் பக்கம் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர், வேலியோரம் கிடந்ததைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார்.

"இத்த ஏன் ஸார் அடிச்சீங்க? இது மண்ணுளி. எலியத் துன்னுட்டு அது பாட்டுக்கு மண்ணுல கெடக்கும். விஷமே கெடையாது."

"விரியன் மாதிரியே இருந்துச்சே பெரியவரே?"

"மாதிரிதான் ஸார். வாலப் பாருங்க, எம்மாங் குட்டையா கீது. விரியனுக்கு முதுகுல மூணு வரிசை, சங்கிலி போட்டாப்புல இருக்கும். கிட்ட போனீங்கன்னா உங்க வூட்டு குக்கரு கணக்கா சத்தம் வுடும்."

சிலம்பு உடைந்து உள்ளே மாணிக்கம் தெரிந்தபோது பாண்டியனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "ஞாயித்துக்கெழம காலைல வாங்க. யாரு யாரு கீறாங்கன்னு காட்டறேன்" என்றார்.

போனேன். ஆறு மணிக்கு, ஆபீஸ் ஷூவுடன்.

வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு நேராகப் போனால் பத்து நிமிடம். (இது நிஜப் பத்து நிமிடம்.) எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. காய்ந்த புல்லுக்கிடையே ஒரு கல் மீது சுண்டுவிரல் பருமனில் ஓர் ஓணான். திடீரென்று தொண்டையிலிருந்து ஒரு விசிறியை விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. பெண் பார்க்கும் படலமாம். இந்த விசிறித்தொண்டை ஓணானுக்கு விஞ்ஞானப் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. 1829-ல் குவியே என்ற பிரெஞ்சு நிபுணர் பாண்டிச்சேரியின் பெயரைச் சேர்த்து வைத்தது. மரம் அடர்ந்த காடு இதற்கு ஆகாது. நாம் 'ஒண்ணுமில்லாத பொட்டல்' என்று சொல்லும் இடம்தான் வேண்டும்.

ஈர மண்ணைப் பெரியவர் லேசாகக் கிளறினார். கோலி உருண்டை போல ஒரு தவளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, ரிவர்ஸ் கியரில் உள்ளே இறங்கி மறைந்துவிட்டது. காலில் மண்வெட்டி போல ஒரு முண்டு இருக்கிறது. கோடை முழுக்க உள்ளேயே கிடந்து, மழைச் சத்தம் கேட்டால்தான் வெளியே வருமாம். நம் ஆபீஸில் சம்பள நாளில் மட்டும் ஸீட்டில் தென்படும் சிலரை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அரணை. 'அரணை நக்கினால் மரணம்' என்று பாட்டி சொல்லித் தந்தது சுத்தப் பொய். அதற்கு விஷமே இல்லை. கொம்பேறி மூக்கன், கடித்துவிட்டு மரத்தில் ஏறி நம் பிணம் எரிகிறதா என்று பார்க்கும் என்பார்களே, அதுவும் விஷமில்லாத அப்பாவி. மரத்தில் ஏறுவது பல்லியும் தவளையும் தேடி. கரைச் சரிவில் இரண்டு சாரைகள் பின்னிக்கொண்டு எழுந்தன. நான் மரியாதையாகத் திரும்பிக்கொண்டேன். "அட, ரெண்டும் ஆம்பள ஸார். சண்ட!" என்றார் பெரியவர்.

கிண்டியில் இதே மாதிரி முள்காட்டுக்கு 1978-ல் தேசியப் பூங்கா என்று பட்டம் கொடுத்தார்கள். மொத்தம் 2.7 சதுர கிலோமீட்டர்தான். நட்சத்திர ஆமைகூட உண்டு. மேற்கே நம் பக்கம் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அம்பத்தூர்ப் பொட்டல் 1960-களில் தொழிற்பேட்டையானது. ஆவடியில் 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அப்புறம் டாங்க் தொழிற்சாலை வந்தது, 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆவடியில் இன்னமும் கொஞ்சம் புதர் மிஞ்சியிருக்கிறதென்றால், ராணுவ நிலத்தின் 'அத்துமீறி நுழையாதே' போர்டு புண்ணியம். மற்றதெல்லாம் ரிக்கார்டில் தரிசு. தரிசு என்றால் மஞ்சள் கல் நடலாம்.

கரை மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர்கள். 1972-ல் வன உயிரினச் சட்டம் வந்து அந்தத் தொழில் நின்றது. 1978-ல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் ஆஸ்பத்திரியில் நமக்குப் போடும் முறிவு மருந்து. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - நான்குக்கும் ஒரே மருந்து. 2017-ல் ஃப்ளோரிடாவில் மலைப்பாம்புத் தொல்லைக்கு அமெரிக்காக்காரன் கூப்பிட்டது இங்கிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்தான். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் சாகிறார்கள் என்று 2020-ல் ஓர் ஆய்வு சொன்னது. அதனால் பாம்பைக் கொஞ்சச் சொல்லவில்லை. ராத்திரி வெளியே போனால் டார்ச், காலில் செருப்பு. கடித்தால் கத்தி, கயிறு, மந்திரம் எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. 2024-ல் தமிழக அரசு பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறது.

மண்ணுளி போன பிறகு எங்கள் வீட்டில் எலிகளுக்குக் கொண்டாட்டம். அரிசி மூட்டை, சோப்பு, என் கல்யாண ஆல்பம் எல்லாம் காலி. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, கேட்டைப் பூட்டப் போனேன்.

குக்கர் சத்தம்.

அடுப்படியில் விளக்கு அணைந்திருந்தது. டார்ச்சை இறக்கினேன். மூன்று வரிசைச் சங்கிலி, ஆறடி தூரத்தில். கால் நடுங்கியது. ஆனால் இந்தத் தடவை கம்பைத் தேடவில்லை. பின்பக்கமாகவே நடந்து வந்து தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தேன். அவர்கள் வரும்வரை டார்ச்சை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. அதுவும் அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் பைக்குள் போட்டு எடுத்துப் போனார்கள்.

மனைவி ஸ்டூலிலிருந்து இறங்காமலே கேட்டாள்: "ஏங்க, அந்த மண்ணுளி இருந்திருந்தா இத்தனை எலி வந்திருக்குமா? எலி இல்லேன்னா இவர் வந்திருப்பாரா?"

பி.காம். படித்தவன் நான். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருவர், "உங்க ஏரியாவுல காலி மனை ஏதாவது இருக்கா?" என்று விசாரித்தார்.

"மனை இருக்கு ஸார். காலியா எதுவும் இல்லை" என்றேன்.