எதற்கு மறுபடியும் சக்கரம்?

போன வாரம் ஓய்வூதியர் நேர்காணலுக்காகத் தபால்காரர் கருவேப்பிலங்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டார். செல்போனை முகத்துக்கு நேரே பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க ஐயா" என்றார். சிமிட்டினேன். நான் உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது. கட்டணம் 70 ரூபாய்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "பெஸ்ட் திங் சின்ஸ் ஸ்லைஸ்டு பிரெட், தாத்தா!" என்றான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் வேலைக்கு வந்தபின் ஒட்டிக்கொண்டது. இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது குழம்பித்தான் போனேன். நம் வீடுகளில் ஸ்லைஸ் பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். அதில் என்ன பெருமை? 1928இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், சில்லிக்கோதி என்ற ஊரில், ஓட்டோ ரோவெடர் செய்த இயந்திரத்தால் வெட்டிய ரொட்டி முதன்முதலாக விற்பனைக்கு வந்ததாம். அதற்குப் பின் எந்தப் புதுமை வந்தாலும் அதோடு ஒப்பிடுவது அவர்கள் வழக்கமாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொட்டி இல்லை, வெண்ணெய். மந்தமானவனைப் பார்த்து, "இவன் வெண்ணெய் வெட்டும் கம்பியைக் கண்டுபிடித்தவன் இல்லை" என்பார்கள். கணக்கில் கோட்டைவிட்ட நாட்களில் வாத்தியாரிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டது இது. நம் பாட்டிமார்களுக்கோ எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்: "கலி முத்திப்போச்சு!"

அரசு அலுவலகத்தில் எங்கள் பதில் இன்னும் சின்னது. "பார்க்கலாம்." அப்படியென்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?

ஒருமுறை அதுகூடச் சொல்லாமல் ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். புதிதாக வந்த இளநிலை உதவியாளர் பெண் ஒருத்தி, "சார், ரெக்கார்டு ரூமில் இருக்கிற பணிப்பதிவேடுகளுக்குப் பெயர்வாரியாக அட்டை எழுதி வைக்கலாமா? சாயங்காலம் இருந்து நானே எழுதிடறேன்" என்று கேட்டாள். நான் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "வொய் ரீஇன்வென்ட் த வீல்?" என்றேன். ஏற்கெனவே இருக்கும் சக்கரத்தை எதற்கு மறுபடி கண்டுபிடிக்க வேண்டும் என்பது பொருள். அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன். சொல்லிப் பார்க்க ஆசை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சரி சார் என்று போய்விட்டாள்.

அடுத்த வருடம் ஓர் அம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்தார். கணவரின் பணிப்பதிவேடு கிடைக்கவில்லை. மூன்று மாதம், வாரா வாரம் பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். கடைசியில் வேறொரு வருடத்துக் கட்டில், தூசுக்குள் அது இருந்தது. கண்டெடுத்தவள் அதே பெண்தான். என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அட்டை இருந்திருந்தால் அரை மணி நேர வேலை.

மறுநாள் நானே அட்டை வாங்கி வந்து அவளிடம் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து எழுதினோம். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் சீனியர்கள் கேட்கமாட்டோம். இன்று கேட்டிருப்பேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொன்னது சக்கரமா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை. வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது, அவ்வளவுதான். வியப்பதற்கும் சரி, தட்டிக்கழிப்பதற்கும் சரி, எந்த மொழியிலும் இப்படித் தயாராகக் கிடைக்கிறது.

அதனால் பேரனிடம் ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரரிடம், "தம்பி, அது எப்படி என்னைக் கண்டுபிடிக்குது? காட்டு" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து காட்டினார்.

பாதி புரிந்தது.