சாவி கொடுக்கிற டியூட்டி

அப்பாவின் பழைய வாட்ச் நின்றுபோனது. "பார்ட்ஸ் கிடைக்காது சார்" என்று ரிப்பேர்க்காரர் கைவிரித்துவிட்டார். பாட்டரி வாட்ச் வாங்கிக் கொடுத்தேன்.

"சாவி கொடுக்கிற வேலைகூட எனக்கு வேணாம்னுட்டியா?" என்றார் அப்பா. ரிடையரான மனுஷருக்குக் காலையில் மிச்சமிருந்த ஒரே டியூட்டி அது!

சுவிஸ் வாட்ச் விலை கேட்டேன், தலை சுற்றியது. அப்புறம்தான் 'ஸீகல் 1963' கண்ணில் பட்டது. சைனா சரக்கா என்று முகம் சுளித்தேன். விசாரித்தால், பரம்பரையே பெரிசு! சீன விமானப்படை பைலட்டுகளுக்காக 1961-ல் தியான்ஜின் தொழிற்சாலையில் ஆரம்பித்த வேலை. 'வீனஸ் 175' என்ற சுவிஸ் மெஷினைத் தயாரிக்கும் இயந்திரங்களையே விலைக்கு வாங்கிப் போனார்களாம். அதன் வாரிசுதான் இதற்குள் ஓடும் எஸ்.டி.19. பட்டனைத் தட்டினால் ஸ்டாப் வாட்ச். நான் வாங்கியதில் முதுகிலும் கண்ணாடி. சக்கரங்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். 25,000 ரூபாய்க்குள் முடிந்தது. (மனைவியிடம் பாதிதான் சொன்னேன்.)

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சைனாக்காரனா? 62-ல சண்டை போட்டவனாச்சே!"

"இது 63-ப்பா."

"லேட்டா வந்திருக்கான். சரி, கொடு இப்படி."

இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கு ஹாலில் 'க்ரிக்... க்ரிக்...'. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா காபி கலக்கிறாள்.