இலைக்குப் பின்னால் நிற்பவர்கள்

மும்பையில் பார்சித் திருமணம் பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் நடக்கும். சார்னி ரோடு பக்கத்து ஆல்பிளெஸ் பாக் போன்ற கூடங்களில் சடங்கு முடிந்ததும் ‘ஜம்வா சாலோ ஜி’, சாப்பிட வாருங்கள், என்று குரல் எழும். நீண்ட மேசைகளில் வாழையிலை விரியும். தமிழருக்குப் பழகிய காட்சி என்று தோன்றலாம். ஆனால் இலையில் முதலில் விழுவது கேரட்டும் உலர்பழங்களும் காடியில் ஊறிய இனிப்பு ஊறுகாய். கூடவே சாரியா என்னும் பொரித்த வற்றல், ரொட்டி. பிறகு மீன், கோழி அல்லது ஆட்டுக்கறி, புலாவும் பருப்பும், கடைசியில் கஸ்டர்ட். ‘லகன் நு போணு’ என்னும் இந்தக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இலையைப் பார்த்தே எழுதுகிறார்கள். கூடத்தின் பின்பக்கம், அடுப்புகள் எரியும் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்று கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கைப்பக்குவம் யாரிடம் இருக்கிறது, எதனால் அங்கே தங்கியிருக்கிறது?

‘பாத்ரா நி மச்சி’யை எடுத்துக்கொள்வோம். வவ்வால் மீனை வில்லையாக அரிந்து, தேங்காய், கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்த பச்சைச் சட்னியை இருபுறமும் அப்பி, வாழையிலையில் மடித்து நூலால் கட்டி ஆவியில் வேகவைப்பது. நான்கு பேருக்கு என்றால் வீட்டில் யாரும் செய்துவிடலாம். 500 பேருக்கு என்றால் அது வேறு வேலை. இலையை அனலில் வாட்ட ஒரு கை, சட்னி அப்ப ஒரு கை, மடித்துக் கட்ட ஒரு கை. வாட்டம் குறைந்தால் மடிக்கும்போதே இலை கிழியும், கூடினால் கருகும். பந்தி இரண்டு மூன்றாக நடக்கும் என்பதால் பொட்டலங்களும் அந்தக் கணக்கில் ஏறி இறங்க வேண்டும். அரை மணி முன்னால் வெந்த மீன் இலைக்குள்ளேயே நீர் விட்டுவிடும். ‘சாலி’ எனப்படும் தீக்குச்சி பருமன் உருளைக்கிழங்கு வறுவலை முன்கூட்டியே பொரித்து வைக்கலாம். கறிமேல் தூவுவது மட்டும் கடைசி நொடியில்தான், இல்லையென்றால் நமத்துப்போகும். சமையல் குறிப்பு இதையெல்லாம் சொல்வதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி, முட்டை கலந்து, ஜாதிக்காயும் ஏலக்காயும் தூவி மேற்புறம் சிவக்க வேகவைக்கும் கஸ்டர்டில் பால் எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதைப் பெரிய பாத்திரத்தில் கிண்டிப் பழகிய கைதான் அறியும்.

அந்தக் கைகள் பெரும்பாலும் பார்சிக் கைகள் அல்ல. விருந்தை ஒப்புக்கொள்பவர் பார்சியாக இருப்பார். ருசி பார்த்துச் சொல்வதும் அவராக இருக்கலாம். அடுப்படியில் நிற்பவர்களும் பரிமாறுபவர்களும் கூலிக்கு வந்த பிறர். இதைச் சிலர் வீழ்ச்சியின் அடையாளமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வசதியான பார்சி வீடுகளில் கோவாச் சமையல்காரர்கள் வேலை பார்த்தது பழைய கதை. அந்தச் சமையலே பல ஊர்ச் சரக்கு: உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தைக் கறியில் போடுவது ஈரானின் நினைவு, வெல்லமும் காடியும் சேர்ந்த இனிப்புப்புளிப்பு குஜராத்தில் படிந்தது, கஸ்டர்ட் ஆங்கிலேயர் மேசையிலிருந்து வந்தது. பாலில் சர்க்கரைபோலக் கலப்போம் என்று ஈரானிலிருந்து குஜராத்துக்கு வந்த பார்சிகள் அங்கே சஞ்சாண் அரசனுக்கு வாக்களித்த கதையைச் சொல்லாதவர் இல்லை. அது 1599-ஐ ஒட்டி எழுதப்பட்ட ‘கிஸ்ஸா-எ-சஞ்சாண்’ நூலில் கிடையாது; பிற்காலத்து வாய்வழிக் கதை. கதையை விடுங்கள். சர்க்கரை எங்கே கரைந்தது என்று தேடினால் அடுப்படியில்தான் கண்டுபிடிக்க முடியும். ரத்த உறவின் வாசலை இறுக்கிக் காத்த ஒரு சமூகம், வேற்று மதத்தவருக்கு அக்னிக் கோயிலின் கதவைத் திறக்காத ஒரு சமூகம், சமையலறைக் கதவைச் சாத்தி வைக்கவே இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உணவு என்பது பண்டம் மட்டுமல்ல, எப்போது எதை உண்பது என்ற ஒழுங்கும்தான். அதைக் கூலியாள் எப்படிக் காப்பான் என்பது அது. தன்சாக் இதற்கு நல்ல சான்று. பருப்பு, பூசணி, கத்தரிக்காய், ஆட்டுக்கறி எல்லாம் சேர்ந்து குழையும் அந்தப் பண்டத்தை உலகம் பார்சிகளின் அடையாளமாகவே அறிந்திருக்கிறது. பார்சி வீட்டிலோ அது இறப்போடு சேர்ந்தது. துக்க வீட்டில் மூன்று நாள் இறைச்சி விலக்கி, நான்காம் நாள் தன்சாக் சமைப்பார்கள். ஞாயிறு மதியம் தாராளமாகச் சாப்பிடலாம். கல்யாணத்தன்று அடுப்பில் ஏறாது. மங்கல நாளுக்கு வெள்ளைச் சோறும் மஞ்சள் பருப்பும் ‘பாட்டியா’ என்னும் இனிப்புப்புளிப்பு மீன் குழம்பும் என்று வேறு கணக்கு. இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. வழிபாட்டில் வைக்கும் தரூண் ரொட்டி குருமார் மரபைச் சேர்ந்தது. அதைக் கூலிக்கு விட முடியாது. மீதிப் பாதியை நான் ஏற்கவில்லை. விருந்துக் குழுவில் எந்த நிகழ்ச்சிக்கு எது என்ற பட்டியல் தொழிலின் அங்கம். கல்யாண இலையில் தன்சாக் விழுந்தால் அடுத்த ஒப்பந்தம் போய்விடும். அதை விட்டுக்கொடுத்தது உணவகம். மெனு அட்டையில் தன்சாக் வாரத்தின் ஏழு நாளும் இருக்கிறது.

ஆகவே கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்சிகள் 2001இல் 69,601 பேர், 2011இல் 57,264 பேர். பிறப்பைக் கூட்ட ‘ஜியோ பார்சி’ திட்டத்தை மத்திய அரசு 2013இல் கொண்டுவந்தது. எண்ணிக்கை குறைந்தால் சமையல் அழியும் என்று நேரடியாக முடிச்சுப் போடுவது சரியல்ல. சமைப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லையே. ஆனால் ஆள் குறைந்தால் கல்யாணம் குறையும், கல்யாணம் குறைந்தால் பந்தி குறையும். மாதக்கணக்கில் பெரிய விருந்து இல்லையென்றால் இலை வாட்டுகிறவர் வேறு ஒப்பந்தக்காரரிடம் பனீர் வெட்டப் போய்விடுவார். குழுவாகச் செய்யும் வேலை ஆளுக்கு ஆள் கற்றுக்கொள்வதில் வருவது. குழு கலைந்தால் தனித்தனியாக யாரிடமும் முழுசாக இருக்காது. பிறப்பைவிட இந்த வேலை பந்தியின் எண்ணிக்கையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.

உணவகங்கள் பெருகுகின்றனவே என்பார்கள். லண்டனில் 2010இல் தொடங்கிய திஷூம் போன்றவை மும்பை இரானிக் கடைகளின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோயின. (இரானிகளும் பார்சிகளைப் போலச் சொராஸ்ட்ரிய மதத்தவரே, ஆனால் பார்சிகளுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள், இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம்மூரில் வழக்கம்.) உணவகத்தில் மீன் தட்டுத்தட்டாகப் போகிறது, பந்திக்குப் பந்தி கணக்குப் பார்த்து ஆவி பிடிக்கும் வேலை அங்கே இல்லை. மும்பையில் 1928இல் ஏழைப் பார்சிப் பெண்களுக்கு வேலை தரத் தொடங்கிய ரத்தன் டாட்டா இன்ஸ்டிட்யூட் பண்டங்களைச் செய்து விற்று இந்தச் சமையலில் ஒரு பங்கைக் காப்பாற்றியிருக்கிறது. அதுவும் பொட்டல விற்பனை, பந்தி அல்ல. பந்திக்கு ஆதரவு வேறு இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஆண்டில் ஆறு முறை வரும் கஹம்பார் விருந்தில் பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் அதை ஒழுங்காக நடத்தினால் குழுக்களுக்குக் கல்யாணம் இல்லாத மாதத்திலும் வேலை உண்டு. மற்றது, பார்சி அல்லாதார் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு இதே குழுக்களை அழைப்பது. அவர்களில் சிலர் தன்சாக்கும் கேட்பார்கள். செய்து கொடுக்கத்தான் வேண்டும். அந்தக் காசில்தான் வவ்வால் மீன் கட்டுகிறவர் அடுத்த லகன் வரை அந்த அடுப்படியிலேயே இருப்பார்.